எண்ணெய் எதுவரை எட்டும்?
வாசகர் கேள்வி – பதில்

முடி உதிர்வுக்கு இயற்கை வைத்தியம் உதவுமா என்று சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு முதலான ஊர்களின் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்கள் தோல் மருத்துவரும் சித்த மருத்துவரும் சேர்ந்து எழுதியவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆடி மாதம் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஐப்பசியில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. ஏற்காடு போனபோது ஏரிக்கரைக் கடையில் ஒரு மூலிகைத் தைலம் வாங்கி வந்து தேய்த்தேன். தை பிறந்ததும் கொட்டுவது நின்றுவிட்டது. நெற்றியோரம் குட்டி முடிகூட வருகிறது. என் நாத்தனாருக்கும் முடி கொட்டுகிறது. அவளுக்கும் அதையே வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: பாராட்டைத் தைலத்துக்குக் கொடுக்காமல் நாள்காட்டிக்குக் கொடுங்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: ஆடியில் காய்ச்சல், ஐப்பசியில் உதிர்வு, தையில் நின்றது.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கும். அதன்பின் மூன்று மாதம்போலச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு விழும். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கும் பத்தில் ஒரு பங்கு முடி இந்த ஓய்வு நிலையில்தான் இருக்கும். தினம் 50 முதல் 100 முடி விழுவது அந்தக் கணக்கு. டெங்கு, டைபாய்டு, பெரிய அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி டயட் என்று உடம்பு ஆட்டம் காணும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும்பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் எல்லாம் சேர்ந்து கொட்டும். காய்ச்சலை மறந்திருப்போம், புதிதாக மாற்றிய ஷாம்பு மேலும் தண்ணீர் மேலும் பழி விழும்.

விழுந்த முடியின் அடிமுனையில் வெள்ளையாக ஒரு சிறு மொட்டு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "வேரோடு வருகிறது, இனி முளைக்காது" என்று பயப்படுகிறார்கள். அது வேர் இல்லை, ஓய்வு முடிந்த முடியின் அடிமுனை. வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது; பெரும்பாலும் கீழே புதிய முடி ஏற்கெனவே கிளம்பியிருக்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சி என்பதால் அது நெற்றியோரம் கண்ணில் பட இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும்.

காய்ச்சலுக்குப் பிந்திய இந்த உதிர்வு பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் மனுஷர் தைலம் தேடிப் போவார். அடுத்த சில மாதங்களில் அது பெரும்பாலும் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் எதைத் தேய்த்திருந்தாலும், நல்லெண்ணெயோ கழுநீரோ, அதற்குத்தான் பெயர் கிடைத்திருக்கும். கடைகளில் அடுக்கியிருக்கும் பாதிப் பாட்டில்களின் புகழ் இப்படி வந்ததுதான்.

நாத்தனாருக்கு எதற்காகக் கொட்டுகிறது என்று தெரியாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். தலைக்குக் குளித்து ஒரு நாள் கழித்து, 50, 60 முடியை ஒரு கொத்தாக விரலில் பிடித்து அடியிலிருந்து நுனிவரை மெதுவாக உருவிப் பாருங்கள். ஐந்தாறு முடிக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இப்போது தீவிரமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். கொட்டுவதே தெரியாமல் வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டு வந்தால் அது வேறு கதை. கீழே வரும் கேள்விகளில் இருக்கிறது.

கேள்வி: வயது 27. தறிப் பட்டறையில் வேலை. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. அப்பாவுக்கும் முழு வழுக்கை. சின்ன வெங்காயச் சாறு மூன்று மாதமாகத் தினமும் தேய்க்கிறேன். முடி வரவில்லை, தலை எரிகிறது. வெங்காயம் பற்றி வெளிநாட்டு ஆராய்ச்சியே இருக்கிறதாமே?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: இருக்கிறது. ஆனால் அது உங்கள் நோயைப் பற்றியது இல்லை. 2002-ல் வெளியான அந்த ஈராக் ஆய்வு புழுவெட்டுக்காரர்களை வைத்துச் செய்தது. 23 பேர் வெங்காயச் சாற்றையும் 15 பேர் வெறும் தண்ணீரையும் இரண்டு வேளை தடவினார்கள். ஆறு வாரத்தில் சாறு தடவியவர்களில் 20 பேருக்கு முடி முளைத்தது, தண்ணீர்க்காரர்களில் எட்டு வாரத்தில் 2 பேருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை சிறியது. வெங்காய வாசனையை மறைக்க வழியில்லாததால் யாருக்கு எது என்பது எல்லோருக்கும் தெரியும். புழுவெட்டோ பல பேருக்குத் தானாகவே ஆறக்கூடியது.

உங்களுக்கு இருப்பது பரம்பரை வழுக்கை. ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன், டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறி, நெற்றி மூலையிலும் உச்சியிலும் உள்ள வேர்ப்பைகளைச் சுற்றுக்குச் சுற்று சுருக்குகிறது. ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் முடி முன்னைவிட மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனை முடியாகிவிடுகிறது. பின்னந்தலையில் இருக்கும் வேர்களுக்கு இந்த ஹார்மோன் உறைக்காது. அதனால்தான் அப்பாவுக்கும் அங்கே மட்டும் முடி நிற்கிறது. வெங்காயத்தால் இதை மறிக்க முடியாது. எரிச்சல் அதன் கந்தகச் சத்து தோலை உறுத்துவதால் வருவது, இன்றே நிறுத்துங்கள். அந்த இடத்தில் பூண்டை அரைத்து வைக்கப் போய்விடாதீர்கள், தோல் வெந்து கொப்பளிக்கும்.

மூலிகைப் பக்கத்தில் இந்த வகைக்கு ஓரளவு ஆதாரம் உள்ளது பூசணி விதை எண்ணெய்க்கு. 2014-ல் வெளியான கொரிய ஆய்வில் 76 ஆண்கள் கலந்துகொண்டார்கள். தினம் 400 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 24 வாரத்தில் முடி எண்ணிக்கை 40 சதவீதம் கூடியது, போலி மாத்திரைக்காரர்களுக்கு 10 சதவீதம். அந்த மாத்திரையில் வேறு சரக்குகளும் கலந்திருந்தன என்பது அதன் ஓட்டை. சா பல்மெட்டோ என்ற அமெரிக்கப் பனைப்பழச் சாறும் உண்டு. இரண்டு வருட ஒப்பீட்டில் அது 38 சதவீதம் பேருக்கும் ஃபினாஸ்டிரைடு என்ற மருத்துவ மாத்திரை 68 சதவீதம் பேருக்கும் பலன் கொடுத்தது. பூசணி விதையை வறுத்துத் தின்பதில் தவறில்லை, ஆனால் அந்த ஆய்வின் பலன் அதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நிச்சயமான ஆதாரம் உள்ளவை இரண்டு. மினாக்ஸிடில் 5 சதவீதக் கரைசல்: ஒரு மில்லி வீதம் காலையும் இரவும், முடியில் இல்லாமல் காய்ந்த தோலில் படும்படி தடவ வேண்டும், நான்கு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. முதல் ஒன்றரை மாதத்தில் உதிர்வு கூடும். பலர் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புது முடி வருவதால் ஏற்படும் உதிர்வு அது. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் வந்தது சில மாதங்களில் போய்விடும். இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனைக்கு இது விஷம். இன்னொன்று ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை. சிலருக்குத் தாம்பத்திய உறவில் குறை வரலாம் என்பதால் மருத்துவரிடம் பேசித்தான் தொடங்க வேண்டும். 27 வயதில் இருப்பதைக் காப்பாற்றுவது எளிது. வழுவழுப்பாகிவிட்ட இடத்தில் எதுவும் முளைக்காது.

கேள்வி: எங்கள் வீட்டுத் தொட்டியில் ரோஸ்மேரி நன்றாக வளர்கிறது. வயது 34, வகிடு அகலமாகிக்கொண்டு வருகிறது. இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தெளித்தால் போதுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: 2015-ல் வந்த ஈரானிய ஆய்வு 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி எண்ணெய்க் கரைசலும் மறு பாதிக்கு 2 சதவீத மினாக்ஸிடிலும் கொடுத்தது. மூன்று மாதத்தில் இருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் இருவருக்கும் கொஞ்சம் கூடியது, இருவருக்கும் சமம். "மினாக்ஸிடிலுக்கு நிகர்" என்று ஊரெல்லாம் பரவியது இதிலிருந்துதான். ஒப்பிட்டது குறைந்த வீரியமான 2 சதவீதத்தோடு. எதுவுமே தடவாத மூன்றாவது கூட்டம் அந்த ஆய்வில் இல்லை. நம்பிக்கை தருகிற ஆய்வு, முடிவான ஆய்வு இல்லை.

இலையைக் கொதிக்கவைத்தால் வாசனை எண்ணெயில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். அந்தத் தண்ணீர் மூன்றாம் நாள் கெட்டுப்போகும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம் தாண்டாது. முயல்வதானால் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த எண்ணெயை வாங்கி 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 6 முதல் 12 சொட்டு மட்டும் கலக்குங்கள். நேராகத் தலையில் ஊற்றினால் புண்ணாகும். முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டுக் கலவை தடவி இரண்டு நாள் பாருங்கள். கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

ஆனால் 34 வயதில் வகிடு அகலமாகிறது என்றால் ரோஸ்மேரிக்கு முன் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? முகத்தில் முடி, பரு உண்டா? இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை தேவை. பெண்களுக்கும் மினாக்ஸிடில் உண்டு, கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் கூடாது.

கேள்வி: எங்கள் அம்மாயி செய்தது போலவே கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுகிறேன். பத்து நாளில் அடியில் பூஞ்சை பிடித்து ஒரு மாதிரி வாடை வந்துவிடுகிறது. எங்கே தப்பு?
– வாசகி, வாழப்பாடி

பதில்: தண்ணீர் வற்றவில்லை. வேறு காரணம் தேட வேண்டாம். எண்ணெயில் பூஞ்சை வளராது. அடியில் தங்கும் சாற்றின் ஈரத்திலும் இலைச் சக்கையிலும்தான் வளரும்.

அளவிலிருந்து தொடங்குவோம். 500 மில்லி செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு லிட்டர் சாறு. இதற்குக் கீரை ஒன்றரை, இரண்டு கிலோ வேண்டியிருக்கும். தலைத் தைலத்துக்குப் பொதுவாக எடுப்பது வெள்ளைப் பூ உள்ள கரிசாலை. மஞ்சள் பூ பூப்பது வேறு செடி. வாய்க்கால் ஓரம் தாராளமாக முளைக்கும் என்றாலும் சாயப்பட்டறைத் தண்ணீரோ சாக்கடையோ ஓடும் இடத்தில் பறிக்காதீர்கள். கழுவி, ஈரம் உலர நிழலில் பரப்பி, தண்ணீர் ஊற்றாமல் இடித்துப் பிழியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் கை அளவு தண்ணீருக்கு மேல் வேண்டாம். ஊற்றுகிற ஒவ்வொரு டம்ளரும் அடுப்பில் அரை மணி நேரம். கல்கத்துக்கு, அதாவது எண்ணெயிலும் சாற்றிலும் சேர்த்துக் காய்ச்சும் விழுதுக்கு, நெல்லி வற்றல் 50 கிராம், வெந்தயம் 10 கிராம் ஊறவைத்து மையாக அரைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் அகலமாக, அடி கனமாக, பாதிக்கு மேல் நிரம்பாததாக இருக்கட்டும்; கடைசியில் நுரை பொங்கும். சிறு தீ. சாறு இருக்கும்வரை சூடு தண்ணீர் கொதிக்கும் அளவைத் தாண்டாது, அதனால் அவசரம் ஒன்றும் இல்லை. சிக்கல் கடைசிப் பத்து நிமிடத்தில். ஈரம் வற்றியதும் எண்ணெயின் சூடு சட்டென்று ஏறும், கவனிக்காவிட்டால் கல்கம் கருகித் தைலத்துக்குத் தீய்ந்த வாடை வரும். அடிச்சக்கையை அடிக்கடி கரண்டியில் எடுத்துப் பாருங்கள். சேறு போல ஒட்டினால் இன்னும் ஈரம். விரலில் உருட்ட மெழுகு போலத் திரண்டால் பதம் நெருங்கிவிட்டது. கொஞ்சம் சக்கையை நெருப்பில் போடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது; ஓசையில்லாமல் எரிந்தால் இறக்கலாம். சொரசொரவென்று மணலாகிவிட்டால் கொஞ்சம் தாண்டிவிட்டீர்கள், அப்போதும் தலைக்கு ஆகும். கறுத்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஆறிய பின் துணியில் வடிகட்டி ஒரு நாள் அசைக்காமல் வைத்து, அடிமண்டியை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். ஈரக் கையை விடக் கூடாது. மார்கழியில் ஏற்காட்டுப் பக்கம் புட்டியே கல்லாகும். மொத்தத்தையும் மறுபடி மறுபடி சூடாக்காமல் தேவையானதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் உருக்குங்கள். காறல் வாடை வந்த எண்ணெய் தோலை எரிக்கும். வீணாகிறதே என்று பூசாதீர்கள். இன்னொரு விஷயம்: இரும்புச் சட்டியில் காய்ச்சினால் தைலம் கறுப்பாக வரும். அது நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் மை நிறம். கறுப்பாக இருப்பதாலேயே கரிசாலை நிறைய என்று சொல்ல முடியாது.

இத்தனை பாடுபட்டதற்கு என்ன பலன்? கரிசாலைச் சாறு எலிகளின் தோலில் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. செம்பருத்திக்கும் 2003-ல் ஒன்று வந்தது, அதில் பூவைவிட இலைச் சாறு நன்றாக வேலை செய்தது. எல்லாம் எலி. மனித முடியில் தெளிவாக நிறுவப்பட்டது தேங்காய் எண்ணெயின் வேலை மட்டும்தான். அதில் உள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் புகுந்து, குளிக்கும்போதும் சீவும்போதும் புரதம் கழிந்துபோவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அதைச் செய்யவில்லை. ஆக உங்கள் தைலம் இருக்கிற முடியை உடையாமல் காக்கும். நீளமும் அடர்த்தியும் கூடியதுபோலத் தெரிவது அதனால்தான். வேரைத் தூண்டுகிறது என்று சொல்ல இன்னும் ஆதாரம் போதாது. குளிப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு இரண்டு டீஸ்பூன் தேய்த்துக் குளித்தால் போதும். விளக்கெண்ணெய் சேர்க்க ஆசைப்பட்டால் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நீளமுடியில் அதிகமானால் சடைபிடித்து, வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்குத் தலையில் எட்டணா அளவு புழுவெட்டு. முடி திருத்துபவர் குன்றிமணியை அரைத்துப் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் எருக்கம்பால் என்கிறார்.
– வாசகர், ஓமலூர்

பதில்: இரண்டும் வேண்டாம். குன்றிமணியின் பருப்பு கடும் விஷம். முறைப்படி சுத்தி (நஞ்சு நீக்கம்) செய்யாமல் வீட்டில் அரைத்து, புண்ணான தோலில் போட்டு, பையன் அதே கையை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் வழிந்தால் பார்வை கெடும். ஊமத்தை இலைத் தைலமும் அப்படித்தான், கண்மணி விரிந்து பிதற்றல் வரும். எதைப் போட்டாவது அந்த இடத்தை எரியவைத்தால் முடி வரும் என்பது பழைய எண்ணம். எரிந்து தழும்பானால் அங்கே நிரந்தரமாக முளைக்காது.

முதலில் அது புழுவெட்டுதானா என்று பாருங்கள். புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு அணுக்களே வேர்ப்பையைத் தாக்குகின்றன. இடம் வழவழப்பாக, செதில் இல்லாமல், அரிப்பில்லாமல் இருக்கும். ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் தெரியும். சிறு வட்டமாக ஒன்றிரண்டு மட்டும் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாக முளைக்கிறது. விரைவாக்க மருத்துவர் ஸ்டீராய்டு களிம்போ, வயதைப் பொறுத்து ஊசியோ தருவார்.

மாறாக அந்த இடத்தில் செதில், அரிப்பு, கறுப்புப் புள்ளி போல ஒடிந்த முடி, கழுத்தில் நெறிக்கட்டி இருந்தால் அது படர்தாமரை. பிள்ளைகளுக்கு இதுதான் அதிகம் வரும். பூஞ்சை முடித்தண்டுக்குள் இருப்பதால் எந்தத் தைலமும் களிம்பும் அங்கே போகாது. வாய்வழி மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டால்தான் போகும். சீப்பு, தொப்பி, தலையணை வழியாகத் தம்பி தங்கைக்கும் தொற்றும். அதற்கு ஸ்டீராய்டு களிம்பு போட்டால் மேலும் பரவும். ஆகவே கண்ணால் பார்த்துப் பிரித்தறியும் ஒருவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். தோல் பிரிவுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் சீட்டு போட்டால் போதும்.

கேள்வி: போர் தண்ணீர்தான் முடி கொட்டக் காரணம் என்கிறார்கள். வீட்டை மாற்றிவிடலாமா?
– வாசகி, அழகாபுரம்

பதில்: வாடகை முன்பணத்தை மிச்சப்படுத்துங்கள். கடினத் தண்ணீரில் இருப்பது கால்சியமும் மெக்னீசியமும். மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் (மெக்னீசியம் உள்ள மெக்னசைட்) வெட்டியெடுத்த ஊரில் மெக்னீசியத்துக்குப் பஞ்சமா? இவை சோப்போடு சேர்ந்து மாவு போல முடியில் படிந்து, சொரசொரப்பாக்கி, சீவும்போது ஒடியச் செய்யும். வேருக்கு ஒன்றும் ஆகாது. சீப்பில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். வெள்ளை மொட்டு இல்லாத துண்டு துண்டான முடிகள் என்றால் உடைவது. மொட்டோடு முழு நீளம் என்றால் உதிர்வது. அதற்குத் தண்ணீர் காரணமில்லை.

உடைவதற்கு வழி: தலைக்குச் சோப்பு வேண்டாம், ஷாம்பு போடுங்கள். கடைசியாக அலச மட்டும் ஒரு சொம்பு காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து அலசி, உடனே வெறும் தண்ணீர் விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு தோலில் தங்கி வெயில் பட்டால் கருந்திட்டு விழும்.

கேள்வி: பிரசவமாகி நான்கு மாதம். முடி கொட்டித் தீர்கிறது. மாமியார் பத்தியம் என்று ரசமும் பூண்டும் மட்டும் கொடுக்கிறார். கருவேப்பிலைத் தைலம் தேய்த்தால் நிற்குமா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: கர்ப்பத்தில் ஹார்மோன் பிடித்து நிறுத்தியிருந்த முடிகளெல்லாம் இப்போது ஒன்றாக இறங்குகின்றன. குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்தத் தைலமும் இதை நிறுத்தாது. தேய்க்காமல் இருந்தாலும் நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியது சாப்பாடு. முடி முழுக்கப் புரதம். பிள்ளை பெற்ற உடம்புக்கு, அதுவும் பால் கொடுக்கும்போது, ரசம் சோறு காணாது. பூண்டோடு முட்டை, பாசிப்பயறு, கொள்ளு, கருவாடு, சைவ வீடாக இருந்தால் நிலக்கடலை என்று எதையாவது சேர்க்கச் சொல்லுங்கள். மாமியாரிடம் நேராகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரை வைத்துச் சொல்லுங்கள், எடுபடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பலர் வீட்டுக்கு வந்ததும் அட்டையோடு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அதைக் காபி, டீயோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். ஒரு வயதுக்குப் பிறகும் கொட்டினால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு) மூன்றும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருப்பதுண்டு, அதாவது கைச்செலவுக்கு இருக்கிறது, சேமிப்பு காலி. பிரசவத்தையடுத்த ஒரு வருடத்தில் தைராய்டு கலைவதும் உண்டு.

கருவேப்பிலையைக் குழம்பிலிருந்து பொறுக்கிப் போடாமல் தின்னுங்கள், அது போதும்.

கேள்வி: பயோட்டின் மாத்திரை?
– வாசகர், மேட்டூர்

பதில்: பயோட்டின் (வைட்டமின் பி7) குறைபாடு அரிது. பச்சை முட்டை தினமும் குடிப்பவர்களுக்கு வரலாம், வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் அதைக் கட்டிப்போடும். மற்றவர்களுக்கு மாத்திரையால் முடி கூடாது. ஒரு தொல்லை மட்டும் உண்டு: ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோபோனின் அளவுகளைத் தப்பாகக் காட்டவைக்கும். சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பொடுகு நிறைய. எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்தால் போகும் என்கிறார்கள். வைக்க வைக்க அதிகமாகிறதே?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஆகும். பொடுகில் இருக்கும் ஈஸ்டுக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலம்தான் சாப்பாடு. இரவெல்லாம் ஊறவைப்பது அதற்கு விருந்து வைப்பது. அடங்கும்வரை எண்ணெயை நிறுத்துங்கள். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை, நான்கு வாரம், நுரைத்த பின் ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். போட்ட கையோடு அலசினால் பலனில்லை. பொடுதலைத் தைலம் சித்த மருத்துவத்தில் இதற்காகவே இருப்பது. அதையும் குளிக்கும் முன் அரை மணி நேரம் மட்டும். வெந்தயம் அரைத்துப் போட்டால் அதன் காய்ந்த தோல் துகள்களும் பொடுகு போலவே உதிரும், ஏமாறாதீர்கள்.

சீயக்காய் நல்ல பொருள்தான். சேர்வராயன், கல்வராயன் மலைகளில் பொறுக்கி வரும் காயே இங்கே சந்தைக்கு வருகிறது. ஒரு கிலோ சீயக்காய்க்குப் பாசிப்பயறு கால் கிலோ, கொட்டை நீக்கிய பூந்திக்காய் 100 கிராம், வெந்தயம் 100 கிராம், உலர்ந்த செம்பருத்தி இலை ஒரு கைப்பிடி. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து அரையுங்கள். மில்லில் உங்களுக்கு முன் மிளகாய் அரைத்தவர் யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சலிக்காமல் போட்டால் திப்பி தலையில் தங்கி அரிக்கும், தேய்க்கிற தேய்ப்பில் முடி ஒடியும். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் இரண்டும் குறையும்.

கேள்வி: குழந்தைக்கு மூன்று முறை மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகுமா?
– வாசகி, எடப்பாடி

பதில்: குலதெய்வத்துக்கு வேண்டுதல் இருந்தால் போடுங்கள். வேர் எத்தனையோ அத்தனைதான். வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகப் படும்.

கேள்வி: அமாவாசைக்குக் கஞ்சமலை போகும் வழியில் ஒருவர் 108 மூலிகைத் தைலம் என்று விற்றார். 21 நாளில் முடி நிச்சயம் என்றார். லேபிள் இல்லை. வாங்கிவிட்டேன்.
– வாசகர், இளம்பிள்ளை

பதில்: 21 நாளில் முடி சுமார் ஏழு மில்லிமீட்டர்தான் வளரும், அதுவும் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கிற முடிக்கான கணக்கு. 108 சரக்கு என்றால் ஒவ்வாமை வந்தபின் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்தியாவில் மருந்து விதிகள், 1945-ன் ஜே அட்டவணையில், குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களின் பட்டியல் இருக்கிறது. வழுக்கையும், புதிய முடி வளர்ச்சியும், இளநரையும் அதில் உண்டு. "நிச்சயம்" என்று சொல்லிவிட்டாலே அவர் விதியை மீறிவிட்டார். முறையான சித்த, ஆயுர்வேதத் தைலத்தில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், செய்த தேதி, காலாவதி, சேர்ந்த சரக்குகளின் பட்டியல் அச்சிட்டிருக்கும். 2025 மார்ச்சில் பஞ்சாபின் சங்ரூரில் வழுக்கைக்கென்று நடந்த ஒரு முகாமில் எண்ணெய் தடவிக்கொண்டவர்கள் பலர் கண் சிவந்து வீங்கி மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தது. தலையில் வைத்தது வியர்வையோடு கண்ணுக்குத்தான் இறங்கும்.

ஏற்கெனவே தடவியிருந்தால் சாதாரண ஷாம்புவால் இரண்டு முறை கழுவுங்கள். அரிப்பு, வீக்கம், கண் கூச்சம் வந்தால் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஒன்றும் வரவில்லை என்றாலும் புட்டியைக் கொட்டிவிடாமல், எங்கே எப்போது வாங்கியது என்று எழுதி மாவட்ட சித்த மருத்துவ அலுவலரின் அலுவலகத்தில் கொடுங்கள்.